நடுவர் இல்லாத வளைவு

தபால்காரருக்கு முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்து நாலு வருஷமாக. குதிகால் தரையில் பதியும் சத்தம், வேகமாக, ஒரே சீராக. திரும்பினால் தெருவில் ஆள் இருக்காது. பை நிறையக் கடிதத்தோடு வெயிலில் நின்று வெறும் தெருவை முறைப்பார். நாய்க்குப் பயப்படுகிறார் என்று சனங்கள் நினைத்தார்கள். நாயாவது குரைத்துவிட்டுப் போய்விடும்.

வாலிபத்தில் அவர் நடைப்போட்டிக்காரர். அதில் எவ்வளவு வேகமாகவும் போகலாம். ஆனால் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கவேண்டும். இரண்டும் எழும்பினால் ஓட்டம். ஓடினால் வெளியே. கடைசிப் போட்டியில் அவருக்கு முன்னால் போனவர் அவருடைய கூட்டாளி, ஒரே சபைக்காரர். ஜெயிக்கிறவருக்குக் கோப்பையும் தபால் ஆபீசில் வேலையும் என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வளைவு. அங்கே நடுவர் இல்லை. பத்தடி ஓடிக் கூட்டாளியைத் தாண்டிவிட்டார்.

இரண்டும் இவருக்கு வந்தன. கூட்டாளி ரொட்டிக்கடை அடுப்பு வேலைக்குப் போனார், அங்கேயே நரைத்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் இவருக்கு முன்னால் உட்காருவார். அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே இவர் ஜெபிப்பார். அந்த ஜெபம் எங்கே மேலே ஏறும்?

ஓய்வு பெற்ற வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க கோப்பையக் கொண்டாங்க ஐயா. விளையாட்டுல கத்துக்கிட்டது விசுவாச வாழ்க்கைக்கு எப்படி உதவுச்சுன்னு நாலு வார்த்தை சொல்லணும்."

"எனக்குப் பேச வராதுங்க."

"தூக்கத்துல மட்டும் நல்லா வரும்," என்றார் மனைவி, அடுப்படியிலிருந்து. "'பின்னாடி வராதடா'ன்னு ஒரே கத்தல். யாருன்னு கேட்டா வாயில பூட்டு!"

போதகர் சிரித்தார். தபால்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை கோப்பையைத் துடைக்க உட்கார்ந்தார். சத்தம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில். பொய்க்குக் கைதட்டல் வாங்கினால் சாகிறவரை இதுதான் கதி. உண்மையைச் சொன்னால் யார் முகத்திலும் முழிக்க முடியாது.

ஞாயிறு வந்தது. கோப்பையோடு மேடையேறி நின்றார்.

"நடுவர் பாக்கும்போது ஒழுங்கா நடக்கறது பெருசில்ல. யாரும் பாக்காத வளைவுலதான் ஆளு யாருன்னு தெரியும். அங்க நான் ஓடினேன். பத்தே பத்து அடி. இந்தக் கோப்பை என்னுது இல்ல. பாத்த வேலையும் என்னுது இல்ல."

இறங்கிப்போய்க் கூட்டாளியிடம் கோப்பையை நீட்டினார். அவர் கை நீட்டவில்லை.

"தெரியும்டா. எனக்குப் பின்னாடிதானே வந்த? உன் குதிகால் சத்தம் திடீர்னு நின்னுச்சு. ஓடுறவனுக்குக் குதிகால் பதியாது."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லன்னு சத்தியம் பண்ணியிருப்ப. ஒரு திருட்டு போதாதா? இந்த டப்பாவ வச்சு நான் மாவா அளக்கப் போறேன்? எடுத்துட்டுப் போ."

"என்னை மன்னிப்பியா?"

"இப்ப வாய் வரல. கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

தபால்காரர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை தபால்காரர் ரொட்டிக்கடைக்குள் போய் நின்றார். கூட்டாளி நிமிராமல் மாவு பிசைந்தார். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும். பாவத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு ஓடிவிடாமல் நிற்பதுதான் நெடுந்தூரப் போட்டி.

பதினோராம் நாள் அடுப்புச் சூட்டில் அவருக்குத் தலை சுற்றியது. கூட்டாளி முகம் திருப்பாமல், காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார்.

"உக்காந்து தொலை. விழுந்து கிழுந்து வச்சா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"