மல்லிகா ஏறிய விமானம்

போன வாரம் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த அயிலை நழுவித் தொட்டியில் விழுந்தது. கனிந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெயைக் கலந்தது போன்ற வாடை. ஊருக்கெல்லாம் அது நகப்பூச்சு. எனக்கு மட்டும் அது விமானத்தின் வாடை.

சிரிக்காதீர்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் படுதா தைத்துப் பிழைத்தவளுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் மருமகளும் இப்படித்தான் சிரித்தாள்.

கடைவீதியிலிருந்து காயல் பக்கம் இறங்கும் சந்தில் எங்கள் முதலாளி ஹம்சா இக்காவின் கடை இருந்தது. லாரிக்குப் படுதா, படகுக்கு மேற்கூரை, கடைகளுக்கு வெயில் மறைப்பு, எல்லாம் அங்கே தைப்போம். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா நகரசபையில் வேலை பார்த்தவர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தைப் பிற்பாடு வாரப் பத்திரிகைகளை வைத்துத்தான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இன்றைக்கும் அவசரத்தில் சாமான் சீட்டு எழுதினால் மலையாளம்தான் முந்திக்கொண்டு வரும்.

சில வருஷம் கழித்து மல்லிகா வந்து சேர்ந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. அவள் புருஷனுக்குப் போர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் வேலை. என்னைவிட இளையவள், முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். என் பொறாமைக்கு விமானம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் தமிழ் பேசினால் அருவி விழுகிற மாதிரி இருக்கும். நான் பேசினால், "அக்கா, இது என்ன பாஷை?" என்பாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே அளவு கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்போம். அது என் இடுப்பில் போய் உட்காரும். அவளிடம் எங்கே போகும் என்றே தெரியாது. அவள் ஒரு பகடி சொன்னால் இக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதையே நான் சொன்னால், "நூலு தீர்ந்நோ?" என்று கேட்பார்.

ஜோயிச் சேட்டன் கடைக்கு வந்தது இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் கழித்து. அவர் மனைவிக்கு அமெரிக்காவில் நர்ஸ் உத்தியோகம். 'நர்ஸின்டெ கெட்டியோன்', அதாவது நர்ஸின் புருஷன் என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அங்கே தனியாக உட்கார்ந்து சலித்துப்போய், பக்கத்திலிருந்த சின்ன விமானத் திடலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். அங்கே ஜனங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டி ஓட்டுகிறார்களாம். அவரும் ஸ்போர்ட் பைலட் லைசன்ஸ் எடுத்துவிட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவர், வரைபடங்களையும் எஞ்சினையும் கூடவே கொண்டுவந்து, பாழடைந்து கிடந்த ஒரு சுக்குக் கிடங்கில் விமானம் கட்டத் தொடங்கியிருந்தார்.

அன்றைக்கு ஒரு வெள்ளைத் துணிச் சுருளை என் மேஜையில் வைத்து, "இது தைக்கான் பற்றுமோ?" என்றார். தைக்க முடியுமா என்று.

"பின்னே! எந்தினாணு சேட்டா?" என்று எதற்கென விசாரித்தேன்.

"ப்ளேனின்டெ சிறகு."

மல்லிகா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து துணியைத் தடவிப் பார்த்தேன். எவ்வளவு இழுவை தாங்கும், என்ன நூல், தையல் ஒற்றையா இரட்டையா என்று கேட்டேன். இக்காவிடம் சொல்லி வேலைக்குச் சம்மதிக்க வைத்ததும் நான்தான்.

சேட்டன் சட்டைப் பையிலிருந்து அந்த லைசன்ஸை எடுத்துக் காட்டினார். இதற்குப் பெரிய டாக்டர் பரிசோதனையெல்லாம் கிடையாது, கார் ஓட்டுகிற லைசன்ஸே உடம்புக்குச் சாட்சி என்றார். எனக்கு ஸ்கூட்டர் லைசன்ஸ் இருந்தது. மனசு கண்டபடி கணக்குப் போட ஆரம்பித்தது.

"இத வச்சு இங்க பறக்கலாமா?" என்று மல்லிகா கேட்டாள்.

"இவிட செல்லாது மோளே. இவிட வேற பரீட்ச, வேற கடலாசு" என்றார் சேட்டன். கொச்சி வானம் கடற்படையின் வானம். அதில் பட்டம் விடுகிற மாதிரி விமானம் விட முடியாது. அதனால் கட்டி முடித்ததும் பிரித்து லாரியில் ஏற்றி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில் முதலாளியின் சொந்த ஓடுபாதைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். அங்கே இந்த மாதிரிச் சின்ன விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் இருந்தார். காகிதங்களையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

மழைக்காலம் முழுக்க அந்தக் கிடங்கில் வேலை செய்தோம். சுவரிலிருந்து பழைய சுக்கு வாசம் வரும். அதன்மேல் துணிக்குப் பூசும் மருந்தின் அந்த நகப்பூச்சு வாடை. இறக்கைக்குத் தலையணை உறை மாதிரி உறை தைத்து மாட்டினோம். பிறகு சேட்டன் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தார். நம் வீட்டுத் துணி இஸ்திரி போட்டால் வழவழப்பாகும், அவ்வளவுதான். இது சூடு பட்டுச் சுருங்கிச் சுருங்கி உடுக்கைத் தோல் போல இறுகியது. விரலால் தட்டினால் டும் என்றது.

அதன் பிறகுதான் பெரிய வேலை. இறக்கைக்குள் விலா எலும்பு போல மரச்சட்டங்கள் இருக்கும். துணியை ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்துத் தைத்துக் கட்ட வேண்டும். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்து ஒரு பக்கம் நான், மறுபக்கம் மல்லிகா. நான் நீள ஊசியைக் குத்தி அனுப்புவேன். அவள் வாங்கி, சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவாள். துணிக்குப் பின்னால் அவள் நிழல் மட்டும் அசையும். என் பக்கம் இறக்கையின் அடிப்பக்கம், அவள் பக்கம் மேல்பக்கம். இரண்டு இறக்கைக்கும் அப்படியேதான் நின்றோம். அந்த நாட்களில் நாங்கள் சண்டையே போட்டதில்லை. அவள் ஊர்க் கதையெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்தத் துணி வழியாகத்தான்.

ஒருநாள் சேட்டன் சொன்னார்: "தைச்ச கைக்காரிகள்ல ஒராளை நான் மேலே கொண்டுபோகும். ஒராளை மாத்ரம். பாரம் குறவு உள்ள ஆள்."

அவரே கொஞ்சம் கனத்த ஆள். எஞ்சினோ சின்னது. பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டை நிறுக்கும் தராசில் எங்களை ஏற்றினார்கள். மல்லிகா ஏறினாள், முள் சோம்பலாக அசைந்தது. நான் ஏறினேன். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர், "இது ரெண்டு சாக்கு" என்றார். கிடங்கு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"பறக்கறதுக்கு இன்னும் நாள் இருக்கே. அன்னைக்கு யாரு கொறவோ அவங்க போகட்டும்" என்று மல்லிகாதான் சொன்னாள். அதையும் அவளே சொன்னதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றை விட்டேன். சாயாவில் சர்க்கரையை விட்டேன். வைப்பின் தீவுக்குப் படகு கிளம்பும் துறைவரை நடந்துபோய்ப் படகைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்புவேன். "எதுக்குடி இந்தப் பாடு? விமானத்துல ஏறவா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வராங்களா?" என்று கேட்டார் என் புருஷன். மல்லிகாவோ எனக்கு எதிரே உட்கார்ந்து எண்ணெய் சொட்டும் பழம்பொரி தின்றாள். "எனக்குப் பயமா இருக்குக்கா, நீயே போயேன்" என்று வேறு சொல்லுவாள். ஆசையே இல்லாதவளுக்குக் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு வதை உண்டோ?

மழை முடிந்து வானம் தெளிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் கிளம்பினோம். இக்கா, நாங்கள் இரண்டு பேர், எங்கள் புருஷன்மார். தென்னந்தோப்புக்கு நடுவே செம்மண் பாதை. அதன் தலைமாட்டில் எங்கள் வெள்ளை விமானம் நின்றது. அங்கேயும் ஒரு தராசு வைத்திருந்தார்கள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. மெலிந்துதான் இருந்தேன். போதவில்லை.

சொல்லிக்கொடுக்கும் அந்த மனுஷர் முதலில் தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். பிறகு சேட்டனைக் கூட்டிக்கொண்டு போனார். இறங்கி வந்து, சேட்டன் ஓட்டலாம் என்று தலையை ஆட்டினார். மல்லிகாவின் முறை. அவள் வெளிறிப்போய் நின்றாள். "செருப்பு கழண்டு விழுந்துருமாம்கா, வச்சுக்க" என்று இரண்டு செருப்பையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். ஏறிச் சேட்டன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எஞ்சின் சத்தம் மீன்பிடி வள்ளத்தின் சத்தம்தான். ஓடியது, குலுங்கியது, ஒரு இடத்தில் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இக்கா "யா அல்லா" என்றார். தென்னைகளுக்கு மேலே ஏறித் திரும்பி, எங்கள் தலைக்கு நேர் மேலே வந்தது. வெயில் துணிக்குள் புகுந்து இறக்கை முழுக்க ஒளியாக இருந்தது. விலாச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. சட்டத்தையொட்டி என் தையல் வரிசை. அடிப்பக்கம் நான் நின்ற பக்கமல்லவா! ஒரு முடிச்சும் கோணவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த மூச்சிலேயே, அந்தத் தையலின்மேல் அவள் உட்கார்ந்து போகிறாளே என்று நெஞ்சு எரிந்தது. இரண்டும் ஒன்றாக, அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கினாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று எல்லோரும் கேட்க, அவள் கையை விரித்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, இக்கா கொண்டுவந்திருந்த பிரியாணி அண்டா பக்கம் போய்விட்டேன்.

"அடுத்த தவண நிங்ஙள்" என்றார் சேட்டன் என்னிடம். அடுத்த தடவை வரவில்லை. அவர் அம்மா இறந்துபோனார். அவரும் அமெரிக்கா திரும்பினார்.

கடையில் மட்டும் அந்தப் பறத்தல் வெகுநாள் நடந்துகொண்டிருந்தது. படுதா வாங்க வருகிற லாரிக்காரர்களிடம் இக்கா, "இவளாக்கும் ப்ளேன்ல போயவள்" என்று மல்லிகாவைக் காட்டுவார். அவர்கள் கேட்பார்கள், அவள் சொல்லுவாள். சொல்ல ஆரம்பித்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன், இல்லை மிஷினை வேகமாக மிதிப்பேன். "நிங்ஙளும் போயோ?" என்று எவராவது என்னைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு நான் தைக்கிற தையல் கோணிப்போகும். பிறகு கேட்கிறவர்கள் குறைந்தார்கள். அவளும் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

தைக்காமலே கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் விரிப்புகள் வந்தன. இக்கா கடையை மூடினார். மல்லிகா புருஷனோடு தென்காசிக்கே போய்விட்டாள். சுக்குக் கிடங்கில் இப்போது வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். ஜோயிச் சேட்டன் அமெரிக்காவிலேயே காலமானார் என்று கேள்வி. பொள்ளாச்சியில் அந்த ஓடுபாதையை மனை போட்டு விற்றுவிட்டார்களாம். விமானம் எங்கே போனதென்று சொல்ல ஆளில்லை.

மீனைக் கழுவி முடித்துவிட்டு மல்லிகாவைப் போனில் கூப்பிட்டேன். பேரன், மூட்டுவலி, தக்காளி விலை எல்லாம் பேசினோம். கடைசியில் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"அன்னைக்கு மேல போனியே மல்லிகா, அங்கேருந்து என்ன தெரிஞ்சுது?"

"எதுல மேல?"

"ஜோயிச் சேட்டன் ப்ளேன்ல."

"ஐயோ, அதுவா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவில்லை. "அது எப்பவோக்கா. ஒண்ணும் நெனப்புல இல்ல. ஒரே சத்தம். குளிருச்சு. அன்னைக்கு பிரியாணி நல்லாருந்துச்சு, இல்ல?"

"கொஞ்சம் யோசிச்சுப் பாரேன். தென்னை மரமெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? நாங்க தெரிஞ்சோமா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"இல்லக்கா. வர மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவள் கண்டது முழுக்க அவளிடம் இருந்திருக்கும். கீழேயிருந்து பார்த்தது இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரு முடிச்சு விடாமல். மேலேயிருந்து பார்த்ததுதான் இப்போது யாரிடமும் இல்லை.