தரைக்குக் கீழே வெற்றிலை பாக்கு

தேவகிக்குத் திசை தப்பியது அறுபதாவது வயதில், அதுவும் தரைக்கு அடியில்.

சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து சின்ன காஞ்சிபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். பெருமாள் கோயில் கோபுரம் கண்ணில் படாத இடத்தில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. அவள் வீட்டில் இடது வலது என்ற பேச்சே கிடையாது. எல்லாம் கிழக்கு மேற்குதான். "உங்க தெக்குப் பக்கத்துக் கன்னத்துல சோத்துப் பருக்கை ஒட்டிக்கினு இருக்குது" என்று அவள் சொன்னால், தறியிலிருந்து எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கும் கணவர் குமரகுரு சரியான கன்னத்தைத்தான் துடைப்பார். அப்படிப்பட்டவளை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வெளிச்சம் அடிக்கிற இடத்தில் இறக்கிவிட்டால் அவள் என்ன செய்வாள்?

சென்னையில் பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் படி வழியாகக் கீழே போனால், மின்சார ரயிலுக்கும் வெளியூர் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் நடுவே பூமியைக் குடைந்து ஒரு கடைவீதியே கட்டி வைத்திருக்கிறார்கள். தேவகி அதற்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கையில் மஞ்சள் பை. பைக்குள் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மகள் பிரியதர்ஷினிக்குக் கல்யாணம். அந்தப் பத்திரிகையைப் பொன்னிக்கு வைக்க வந்திருந்தாள். பொன்னி அதை வாங்குவாளா மாட்டாளா என்கிற பயம் காஞ்சிபுரத்தில் வண்டி ஏறியதிலிருந்து அவளை விடவில்லை.

"பொன்னி அத்த வரலைன்னா என் கல்யாணம் கல்யாணமே இல்லமா" என்று பிரியதர்ஷினி கறாராகச் சொல்லியிருந்தாள். "நீயே நேர்ல போய்க் கூப்புடு. போன்ல சொல்ற வேலையே வெச்சிக்காத." பொன்னி இந்தக் கடைவீதியில் ஒரு கடையில் வேலை செய்கிறாள் என்று இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்ததும் அவள்தான்.

பொன்னி ஒன்றும் சொந்தக்காரி இல்லை. ரயில் சிநேகிதி. ஆனால் ரயில் சிநேகிதம் என்றால் ஏதோ ஜன்னலோர அரட்டை என்று நினைத்துவிடக் கூடாது. தேவகி பாரிமுனையில் ஒரு காகிதக் கடையில் பில் போட்டாள். பொன்னி எழும்பூரில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்தாள். இரண்டு பேர் வீடும் ஒரே தெரு. விடிவதற்குள் கிளம்பி, காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினால், அதற்கப்புறம் அந்தப் பெட்டிதான் அவர்கள் வீடு. அங்கேதான் தலை பின்னிக்கொண்டார்கள், கீரை ஆய்ந்தார்கள், பூக் கட்டினார்கள், மாமியாரைத் திட்டினார்கள். வாலாஜாபாத் தாண்டினால் டிபன் டப்பா திறக்கும். பொன்னியின் புளியோதரைக்கு அடுத்த பெட்டியிலிருந்தெல்லாம் ஆள் வரும். எட்டு மணி நேரம் வேலை பார்த்த கடையின் சுவர் என்ன நிறம் என்று இன்றைக்குத் தேவகியைக் கேட்டால் யோசிப்பாள். அந்த ரயில் பெட்டியில் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள்.

பிரியதர்ஷினி பிறந்ததும் அப்படித்தான். இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பி வேலைக்குக் கிளம்பியவளுக்குப் பாதி வழியில் வலி எடுத்துவிட்டது. பெட்டியே அலறியபோது அலறாதவள் பொன்னி ஒருத்திதான். செங்கல்பட்டில் தேவகியைத் தோளில் சாய்த்து இறக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். குமரகுரு வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நர்ஸ் குழந்தையைக் கொடுத்தது பொன்னி கையில்தான். பெற்றவளுக்கு முன்னால் அவளைக் கொஞ்சியவள் பொன்னி.

அப்படி இருந்தவள், தேவகியின் மூத்த மகன் லோகேஸ்வரன் கல்யாணத்துக்கு வரவில்லை. தேவகி அதற்குள் வேலையை விட்டுவிட்டதால் ரயிலில் பார்த்துப் பேசிக்கொள்வதும் நின்றிருந்தது. மண்டபத்து வாசலையே பார்த்துப் பார்த்துத் தேவகிக்குக் கண் பூத்துப்போனது. மறுநாள் போன் செய்தாள், எடுக்கவில்லை. "அவளுக்கு என்னா அவ்ளோ திமிரு? புருஷன் போன துக்கம் இருக்குது, ஒத்துக்கிறேன். அதுக்காக என் பையன் கல்யாணம் அவளுக்கு வேத்து வீட்டுக் கல்யாணமா?" என்று குமரகுருவிடம் பொரிந்து தள்ளினாள். கோபம் ஆறுவதற்குள் பொன்னி வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு சென்னைக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை அறுந்து கிடந்தது.

இப்போது தேவகி அந்தப் பாதாளத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். போன் உறை விற்கும் கடை, வளையல் கடை, ஐஸ்கிரீம் கடை, மறுபடி போன் உறை. முதலில் பார்த்த அதே கடையா, அது மாதிரி வேறொன்றா என்று தெரியவில்லை. எல்லாக் கடையும் சிரித்துக்கொண்டிருந்தது, ஒரு கடையும் அடையாளம் சொல்லவில்லை. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. பத்திரிகை வைக்கும்போது வாங்குகிறவர்களைக் கிழக்குப் பார்த்து நிற்க வைத்துக் கொடுப்பது அவள் வீட்டு வழக்கம். பொன்னியைக் கண்டுபிடித்தாலும் எந்தப் பக்கம் நிறுத்துவது என்பது வேறு கவலை. போன் உறைக் கடைப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஏம்மா, கிழக்கு எந்தப் பக்கம்?"

"எந்த எக்ஸிட் ஆன்ட்டி? பி-யா, சி-யா?"

"எக்ஸிட் இல்லமா. கிழக்கு. சூரியன் வர்ற பக்கம்."

அந்தப் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, "இங்க வராது ஆன்ட்டி" என்றாள்.

தேவகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே இடத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோதான் அந்தக் காலத்துச் சுரங்கப் பாதை இருந்தது. மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர், மூத்திர நாற்றம், இருட்டு. ஆனால் இரண்டு பக்கமும் துணியை விரித்துச் சீப்பு, ஹேர்பின், பாவாடை நாடா, கர்சீப் என்று கூவிக் கூவி விற்பார்கள். சம்பளம் வாங்கிய சாயங்காலம் தேவகி பாரிமுனையிலிருந்தும் பொன்னி எழும்பூரிலிருந்தும் வந்து அங்கே சந்திப்பார்கள். வேண்டியது ஒன்றும் இருக்காது. இருந்தாலும் புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பேரம் பேசுவார்கள். ஒரு ஜோடி ரப்பர் பேண்டுக்குப் பொன்னி போடுகிற சண்டையைப் பார்த்துக் கடைக்காரனே சிரித்துக் கொடுத்துவிடுவான். அந்த நாற்றத்தில் கிடைத்த சந்தோஷம் இந்த வாசனையில் இல்லையே என்று தேவகிக்கு ஏக்கமாக இருந்தது. இடத்தைக் குறை சொல்லி என்ன பயன்? கூட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வயதான காவலாளி கடைசியில் வழி காட்டினார். மெட்ரோவுக்கு இறங்கும் நகரும் படிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை. புடவையைக் கொடுத்தால் கொசுவமும் முந்தானையும் முன்கூட்டியே மடித்து, கிளிப் போட்டு, இஸ்திரி செய்து, பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். கட்டத் தெரியாத பெண்ணும் ஐந்து நிமிஷத்தில் சுற்றிக்கொள்ளலாம். நீளமான மேஜையில் ஒரு மாம்பழக் கலர் பட்டுப்புடவையின் கொசுவத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தவள் பொன்னி. இளைத்திருந்தாள். நெற்றியில் கீற்றாகத் திருநீறு மட்டும்.

நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க" என்றாள். "உக்காருங்க. தண்ணி சாப்புடுறீங்களா?"

ஒரு தட்டில் தின்றவள், தலையில் பேன் பார்த்தவள், 'வாங்க' என்கிறாள். இதற்குப் பதில் வெளியே போ என்று சொல்லியிருந்தால்கூடத் தேவகி தாங்கியிருப்பாள்.

"பிரியாவுக்குக் கல்யாணம்டி" என்றாள். "பத்திரிக வெக்க வந்தேன். இங்க கிழக்கு எதுன்னே தெரியல பொன்னி."

"அந்தத் தூண் பக்கம்" என்றாள் பொன்னி, திரும்பிப் பார்க்காமலே. வந்து வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கண்டுபிடித்து வைத்திருப்பாள். அவளும் அந்தத் தெருக்காரிதானே. தேவகி தட்டை எடுத்து, வெற்றிலையைப் பரப்பி, பத்திரிகையை வைத்து நீட்டினாள். பொன்னி தூணைப் பார்த்து நின்றாள். ஆனால் கை நீளவில்லை.

"முகூர்த்தத்துக்கா, சாப்பாட்டுக்கா?"

"இன்னாது?"

"எதுக்குக் கூப்புடுறீங்கன்னு கேட்டேன். முகூர்த்தத்துக்கு வர்லாமா, இல்ல தாலி கட்டி முடிச்சப்புறம் பந்திக்கு மட்டும் வரணுமா? சொல்லிட்டா நானும் அதுக்குத் தகுந்த மாதிரி வந்துக்கிறேன்."

தேவகிக்கு எதுவும் பிடிபடவில்லை. பொன்னி தணிந்த குரலில்தான் பேசினாள். பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"லோகு கல்யாணத்துக்கு நம்ம தெரு பூராவும் வீடு வீடா வந்து வெத்தல பாக்கு வெச்சீங்க. எங்க எதிர் வீட்டுக்கு வெச்சீங்க, பக்கத்து வீட்டுக்கு வெச்சீங்க. நான் வாசல் தெளிச்சிக் கோலம் போட்டு, காப்பிக்குப் பாலு காய்ச்சி வெச்சிக்கினு ஜன்னலாண்டயே நின்னேன். எங்க வீட்டத் தாண்டிப் போனீங்க. அவரு போயி அப்ப பத்து மாசம். தாலி அறுத்தவள எதுக்கு நல்ல காரியத்துக்குக் கூப்புடணும்னு உட்டுட்டீங்கன்னு புரிஞ்சிக்கினேன். கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஊர்ல நடக்கறதுதானே."

அந்த நாள் தேவகிக்கு நன்றாக நினைவிருந்தது. பொன்னி வீட்டைத் தாண்டும்போது குமரகுரு, "இங்க வெக்கலியா?" என்று கேட்டார். "அவ நம்ம வீட்டு ஆளு. அவளுக்கு எதுக்குப் பத்திரிக? அவ வந்து நின்னுதான் மத்தவங்கள வாங்கன்னு கூப்புடணும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனவள் தேவகி. அந்தப் பெருமையை ஜன்னலுக்குப் பின்னால் நின்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"அடிப்பாவி" என்று அழுதாள். "உன்ன வேத்தாளா நெனச்சாத்தானே பத்திரிக வெப்பேன்? நீ என் வூட்டுக்காரிடி."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் பொன்னி. அவளை அறியாமல் அக்கா வந்துவிட்டது. "அவரு இருந்திருந்தா நானே வந்து, இன்னாக்கா பத்திரிக வெக்கல, மறந்துட்டியான்னு உன் கொண்டையப் புடிச்சி ஆட்டியிருப்பேன். அவரு போனப்புறம் எப்படிக்கா கேப்பேன்?"

நகரும் படியில் ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தட்டைப் பிடித்தபடி இரண்டு கிழவிகள் அழுவதை யாரும் நின்று பார்க்கவில்லை.

பொன்னி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். "கூறப்புடவைய எடுத்துக்கினு வா" என்றாள். "கொசுவம் மடிச்சிப் பொட்டியில வெச்சித் தரேன். கொண்டுபோய்க் கட்டுங்க. அது போதும்க்கா. எத்தனையோ பொண்ணுங்க கூறப்புடவ இந்த மேஜையில மடிச்சி அனுப்பிட்டேன்."

"மடிச்சி அனுப்புற வேல வேணாம்" என்றாள் தேவகி. "நீ வந்து உன் கையால கட்டிவுடு. பொண்ண மணவறைக்குக் கூட்டிக்கினு வர்றதும் நீதான். மொத மொத அவளக் கையில வாங்கினது யாரு? நானா?"

"ஊரு பேசும்க்கா. சம்பந்தி வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

"பேசட்டும். பேசறவங்களுக்குப் பந்தியில எல போட்டு உக்கார வெக்கிறேன்."

பொன்னி பாதியில் விட்ட மாம்பழக் கலர் புடவையின் கொசுவத்தை எடுத்து, மடிப்பை ஒவ்வொன்றாக நீவினாள். கிளிப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பிறகு பத்திரிகையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"முகூர்த்தம் எத்தன மணிக்குக்கா?"