குறுக்கே கிடந்த பிள்ளை

பானுமதிக்கு முதல் பிள்ளை ஆபரேஷனில்தான் பிறந்தது. அந்தப் பிள்ளை கோமதியை யார் பார்க்க வந்தாலும் மாமியார் பேராச்சி, "வயித்தக் கீறி எடுத்தது" என்றுதான் சொல்லுவாள். "நான் நாலு பெத்தேன், ஒரு ஊசி போட்டதில்ல. இவளுக்கு முக்குததுக்குத் தெம்பில்ல."

பானுமதியும் அதை நம்பினாள். தாராவியில் ஒரு ஜீன்ஸ் கார்கானாவில் அவளுக்கு நூல் வெட்டுகிற வேலை. கூட இருக்கும் பெண்கள் பிரசவக் கதையை எடுத்தால் தலையைக் குனிந்துகொண்டு கத்தரியை வேகமாக ஓட்டுவாள். ஒருத்தி ஒரு பகல் முழுக்க வலித்தேன் என்பாள், இன்னொருத்தி இரண்டு நாள் என்பாள். அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தோன்றும்.

கோமதிக்கு ஆறு வயதானபோது பானுமதி மறுபடி உண்டானாள். ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போன இடத்தில் பழைய டிஸ்சார்ஜ் பேப்பரைக் கேட்டார்கள். ரேஷன் கார்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரி. படித்துவிட்டு, "பிள்ளை குறுக்கே படுத்திருந்திருக்கு" என்று ஹிந்தியில் சொன்னாள்.

பானுமதி விழித்தாள். டாக்டர் பேனாவை மேஜையில் குறுக்காக வைத்தாள். "தலை கீழே இருக்கணும். உன் பிள்ளை இப்படிக் கிடந்தது. யாராக இருந்தாலும் முக்கி வெளியே கொண்டுவர முடியாது. ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் ரெண்டு பேர் உயிருக்கும் ஆபத்து."

"அப்போ எனக்குத் தெம்பில்லாததால இல்லையா?"

"யார் சொன்னது அப்படி?"

பானுமதி பேப்பரை வாங்கி மடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது புருஷன் சுடலைக்கண்ணன் பை தைக்கிற பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதான? எதுக்கு ஆபரேஷன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. புள்ள குறுக்க கெடக்குன்னு."

"ஆறு வருசமா அத்தை பேசுனதக் கேட்டுக்கிட்டுதான இருந்திய?"

சோற்றைப் பார்த்தபடியே சொன்னான்: "பொம்பளைய பேச்சுக்குள்ள நாம எதுக்குப் போகணும்னு இருந்துட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை. மூன்று நாள் அவனோடு பேசவும் இல்லை. நான்காம் நாள் அவனே அம்மாவிடம் போய்ச் சொன்னான். பேராச்சி அசரவில்லை. "டாக்டர்மாரு அப்படித்தாம்ல சொல்லுவாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பானுமதி கேள்வியோடு போனாள். பழைய தையல் தாங்குமா? தாங்காவிட்டால் எப்படித் தெரியும்? இந்தப் பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது? ஒன்பதாம் மாதத்தில் டாக்டர், "தலை கீழே இருக்கு. நார்மலுக்கு முயற்சி பண்ணலாம். ஏதாவது சரியில்லையென்றால் உடனே ஆபரேஷன். உனக்கு எது வேணும்?" என்று கேட்டாள். தன்னிடம் ஒருவர் இப்படிக் கேட்பார் என்று பானுமதி நினைத்ததே இல்லை. ஒரு நாள் யோசித்துவிட்டு, முயற்சி பண்ணுவோம் என்றாள்.

நாள் நெருங்கி, ஒரு நாள் விடியும்போது வலி எடுத்தது. மதியம் இரண்டு மணிக்குப் பெண் பிறந்தாள், சுகப்பிரசவம்.

வீட்டுக்கு வந்த அன்று பேராச்சி கற்கண்டுத் தட்டோடு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டு ஆபிதாவிடமும் ரீனாவிடமும் வாய் கொள்ளாமல் சொன்னாள்: "இப்பத்தான் எம் மருமவ புள்ள பெத்துருக்கா!"

இப்படி ஒரு வார்த்தைக்காகப் பானுமதி ஆறு வருஷம் ஏங்கியிருக்கிறாள். ஆனால் கோமதி தங்கச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். பாட்டி சொன்னது கேட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அத்தை, நான் ரெண்டு பெத்துருக்கேன்" என்றாள் பானுமதி. "மூத்தவளுக்குத்தான் கூட நாள் படுத்துக் கெடந்தேன். அவ காதுபட இனி இப்படிச் சொல்லாதீங்க."

ஆபிதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பேராச்சி தட்டோடு பாய்ப்பக்கம் வந்தாள். குனிந்து கோமதியின் கையில் ஒரு பிடி கற்கண்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மன்னிப்பு என்று எதுவும் அவள் கேட்கவில்லை. ஆனால் மறுவாரம் தேவ்நாரிலிருந்து பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரி விசாரித்தபோது, "ரெண்டையும் நல்லபடியாப் பெத்தா" என்றாள். மனசு மாறித்தான் சொன்னாளா, மருமகளுக்குப் பயந்து சொன்னாளா என்று பானுமதி ஆராயவில்லை. பிள்ளைக்குப் பசி வந்திருந்தது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.