வருஷம் எழுதாத காகிதம்

பஸ்ஸைச் சுற்றி இரண்டு முறை நடக்காமல் டிரைவர் ட்வைலா காடில் அதில் ஏறமாட்டாள். முதல் சுற்று கண்ணுக்கு: விளக்குகள், கண்ணாடிகள், அவசரக் கதவு. இரண்டாவது சுற்று காலுக்கு: ஆறு டயர்களுக்கும் பூட்ஸ் முனையால் தலைக்கு ஓர் உதை. ஆகஸ்ட் பதினைந்து, திங்கட்கிழமை, விடிகிற நேரத்தில் அவள் நான்காவது டயரை உதைத்துக்கொண்டிருந்தபோது மகள் டெலானி வீட்டுப் படியிறங்கி வந்தாள். அன்றுதான் அவளுக்குக் கல்லூரியில் முதல் நாள். தோளில் தொங்கிய பை கல்லூரிக்குப் போகிற பையாகத் தெரியவில்லை.

"இவ்ளோ பெரிய பையில என்னடி? புஸ்தகமா?"

"துணிம்மா. கெய்லாவோட மிர்ட்டில் பீச் போறேன். ஹோட்டல்ல வேலை இருக்காம்."

"இன்னிக்குக் காலேஜ்."

"அது நீ சேர்ந்த காலேஜ்மா. ஃபாரம் பூரா நீ எழுதினது. பல் டாக்டருக்கு உதவியாளர் படிப்புன்னு டிக் அடிச்சதும் நீதான். என் பேருக்கு நேரா போட்ட கையெழுத்து மட்டும்தான் என்னோடது."

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கெய்லாவின் கார் உறுமிக்கொண்டு நின்றது. டெலானி அம்மாவின் கன்னத்தில் அவசரமாக ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள். காரின் சிவப்பு விளக்குகள் ஓடைப் பாலத்தைத் தாண்டி மறைகிறவரை ட்வைலா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மீதி இரண்டு டயர்களையும் உதைத்தாள். கொஞ்சம் பலமாகவே. பத்தொன்பது வருஷமாக முதல் நிறுத்தத்துக்கு அவள் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. அன்றும் போகவில்லை.

கென்டக்கி மலையில் லெட்ஃபர்ட் மாவட்டத்துப் பதினான்காம் எண் பள்ளி பஸ் அவளுடையது. காலையில் இரண்டரை மணி நேரம், பிற்பகலில் இரண்டரை மணி நேரம். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள். அவளைப் பிடிக்காதவர்களுக்கும் அதே இரண்டு விரல்தான். நாற்பத்தாறு வயது, ஆண்கள் போடுகிற கோட்டு, காதில் பென்சில். பஸ்ஸில் எந்தக் கலவரம் நடந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். கண்ணாடியைப் பார்த்து ஒரே வாக்கியம்: "முதல்ல உட்காரு, அப்புறம் பேசு." இந்த மாவட்டத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற பாதிப் பேர் அந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் உட்கார இடம் தேடுவார்கள். ஒருமுறை மளிகைக் கடை வரிசையில் ஒரு போலீஸ்காரரே தேடியிருக்கிறார்.

அன்று காலை பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு அவள் நேராகக் கல்லூரிக்கு நடந்தாள். அங்கே ஒரு சின்ன அறையில் கார்னெட் ஹோல்புரூக் உட்கார்ந்திருப்பார். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹர்ஷெல் டாப்ஸ் அறக்கட்டளையின் தலைவி. மெத்தைக் கடை வைத்திருந்த ஹர்ஷெல், சாகும் முன் சொத்தை எழுதிவைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை இலவசமாக்கிவிட்டுப் போயிருந்தார். அவர் கைப்பட எழுதிய விதிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"டெலானி வரல," என்றாள் ட்வைலா.

"நினைச்சேன். வருஷத்துக்கு அஞ்சாறு பேர் இப்படித்தான். கையெழுத்துப் போடுற நாள்ல காலேஜ் பேரு போட்ட தொப்பி வெச்சுக்கிட்டுப் போட்டோ எடுக்குதுங்க. ஆகஸ்ட்ல ஆளைக் காணோம்."

"அந்த இடத்துல நான் உட்காரலாமா?"

கார்னெட் சிரித்தார். ட்வைலா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ட்வைலா, இது உள்ளூர்ப் பள்ளியில படிச்சு முடிச்ச பிள்ளைங்களுக்கு."

"நானும் அங்கதான் படிச்சு முடிச்சேன். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அதுல வருஷம் எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க."

கார்னெட் எழுந்து போய்ச் சுவரருகே நின்றார். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். லெட்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தவர் யாராக இருந்தாலும் சரி. ஊருக்காக எட்டு மணி நேரம் கூலியில்லாத வேலை. பெற்றோர் ஒருவரின் கையெழுத்து. பருவத்துக்கு நான்கு பாடத்துக்குக் குறையாமல். அவ்வளவுதான். எந்த வருஷம் முடித்தவர் என்று ஹர்ஷெல் எழுதவில்லை. எழுதத் தோன்றியிருக்காது. அந்த ஊரில் படித்து முடித்தவர்கள் என்றால் இந்த மே மாதம் முடித்தவர்கள்தான். வேறு யாரையும் அப்படிச் சொல்கிற வழக்கமே இல்லை. பதினோரு வருஷமாக ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"ஊருக்கே தெரியும், அவர் என்ன நினைச்சார்னு," என்றார் கார்னெட்.

"ஊருக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? காகிதத்துல இல்லையே."

அறக்கட்டளைக் கூட்டம் அந்த வியாழக்கிழமை பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஐந்து பேர், ஒரு பானை பீன்ஸ், ஒரு தட்டு சோள ரொட்டி. ரொட்டி தீர்வதற்குள் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது: 'அதே வருஷம் படித்து முடித்தவர்' என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

"வேணும்னா உன்னை மட்டும் விட்டுடறோம் ட்வைலா. நீதான் முதல்ல கேட்டே," என்றார் கார்னெட். "உனக்குப் பிறகு கதவைச் சாத்திடறோம்."

"எனக்கு மட்டும்னா வேண்டாம்."

"ஏன்? உனக்குத்தான் கிடைக்குதே!"

ட்வைலா காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். எதையும் எழுதவில்லை, பென்சில் முனையால் மேஜைமேல் ஒவ்வொரு நிறுத்தமாகத் தொட்டுக்கொண்டு போனாள். "பாலத்து முக்கு, ரிக்கி நோபிள், ஒஹையோவுல கிடங்கு வேலை. அடுத்த வீடு, அவன் தங்கச்சி, அதே கிடங்கு. மரம் அறுக்கிற மில் திருப்பம், ஜென்னா, எங்கன்னு அவங்கம்மாவுக்கே தெரியாது." பதினெட்டுப் பேரை வழியின் வரிசை பிசகாமல் சொன்னாள். ஒரே ஒரு இடத்தில்தான் பென்சில் நின்றது. "கடைசி, என் தபால் பெட்டி. இவங்கல்லாம் போனாங்க, சரி. பதினெட்டு வயசுல நானும்தான் போனேன், மூணு வருஷம் கழிச்சுத் திரும்பினேன். திரும்பி வர்றப்ப உங்க கதவு சாத்தியிருந்தா, எதுக்கு வரணும்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"போனவங்க வந்து படிப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" மேஜையின் மறுமுனையிலிருந்து யாரோ கேட்டார். "இத்தனை வருஷம் கழிச்சு யாருக்கு மண்டையில ஏறும்?"

"என் மண்டையில ஏறுதான்னு பார்த்துட்டு எழுதுங்க."

அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. முதல் பருவத்தில் நான்கு பாடங்களிலும் அவள் தேறினால் ஹர்ஷெலின் காகிதத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒன்றில் தவறினாலும் வருஷம் விதியில் ஏறிவிடும். "வாய்ப்பேச்சு வேண்டாம்," என்று சொல்லி ட்வைலா அதையும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

எட்டு மணி நேர ஊர் வேலைக்குத் தீயணைப்பு வண்டியைக் கழுவினாள். பெற்றோர் கையெழுத்துதான் கொஞ்சம் இழுத்தது. அவளோடு அதே வீட்டில் இருக்கும் அப்பா ஹோபர்ட்டுக்கு எழுபத்து நான்கு வயது. புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வயசுல என்ன வம்பு இழுத்துட்டு வந்தே? பிரின்சிபால் கூப்பிடறாரா?"

"கையெழுத்துப் போடுங்கப்பா."

"படிக்காம போடமாட்டேன்." கிரீஸ் கையோடு வாங்கி, இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். "இதுல டெலானி பேரு எங்க?"

"அவ பேரு அவளே எழுதுவா. இது என்னோடது."

கட்டைவிரல் கிரீஸ் அந்தக் காகிதத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. கார்னெட் அதையும் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஆங்கிலம் தடங்கலில்லாமல் ஓடிவிட்டது. உடல்நலப் பாடம் ஓடிவிட்டது. கணினியை அவள் கொஞ்ச நாள் அடித்தாள், கொஞ்ச நாள் கெஞ்சினாள், பிறகு அதுவும் படிந்தது. அல்ஜீப்ரா மட்டும் அசையவில்லை. சொல்லிக்கொடுத்தவன் வேடு நேப்பியர். பன்னிரண்டு வயதில் பஸ் சீட்டில் பபிள்கம் ஒட்டியதற்காக அவனை ஒரு மாதம் முன் சீட்டில் உட்காரவைத்தவள் அவள். இப்போது அவன் வகுப்பில் அவள் முன் வரிசை. முதல் நாள் அவள் கதவருகே நின்று கேள்வி கேட்டதும், "மிஸ் ட்வைலா, முதல்ல உட்காருங்க, அப்புறம் பேசுங்க," என்றான் வேடு. பின்வரிசையில் இரண்டு பேர் தங்களை அறியாமல் உட்கார்ந்தார்கள்.

முதல் தேர்வில் நாற்பத்தொன்று. இரண்டாவதில் ஐம்பத்தெட்டு. தேறக் கடைசித் தேர்வில் எழுபது வேண்டும். கணக்குகளை அட்டைகளில் எழுதி, முன் சீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர்கள் படிக்கக் கேட்டு விடை சொல்வாள்.

"மைனஸ் ஏழு."

"தப்பு மிஸ் ட்வைலா! ப்ளஸ்!" இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா தெரியாது, அட்டையின் பின்பக்கம் பார்க்கத் தெரியும். பஸ் மொத்தமும் 'ப்ளஸ், ப்ளஸ்' என்று குதிக்கும்.

"முதல்ல உட்காருங்க! ப்ளஸ்தான், ஒத்துக்கறேன்."

நவம்பரில் வேடு கரும்பலகையில் ஒரு சாய்கோடு போட்டான். எவ்வளவு தூரம் போனால் எவ்வளவு ஏறும் என்று கேட்டான். ட்வைலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதைத்தான் மூணு மாசமா சொல்றியா? பைன் மேட்டுல ஒம்பது சதவீத ஏத்தம்னு போர்டு இருக்கே, அதா? ரெண்டாவது கியருக்கு எங்க மாத்தணும்னு நான் தூக்கத்துல சொல்லுவேன்." எழுந்து போய் அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு கோடும் அவளுக்கு ஒரு மேடு. எல்லாக் கணக்கும் மேடாக மாறவில்லைதான். மாறாதவற்றை மனப்பாடம் செய்தாள். டெலானி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். கடல், டிப்ஸ், கெய்லாவின் புதுக் காதலன் என்று ஓடும் பேச்சு. ட்வைலா கல்லூரி என்ற சொல்லை எடுக்கவே மாட்டாள். நாக்கைக் கடித்துக்கொள்வது அல்ஜீப்ராவைவிடச் சிரமம் என்று அப்பாவிடம் சொன்னாள்.

டிசம்பரில் அல்ஜீப்ராவில் எழுபத்து மூன்று வந்தது. விடைத்தாளோடு போய் வேடுவின் மேஜைமுன் நின்றாள்.

"நெஜத்தைச் சொல்லு. இரக்கப்பட்டுப் போட்டியா?"

"ஒரு மாசம் என்னை முன் சீட்டுல உட்கார வெச்சீங்களே மிஸ் ட்வைலா, உங்ககிட்ட நான் எதுக்கு இரக்கப்படணும்? ஒம்பதாவது கணக்குல பாதி மார்க் வெட்டினதே நான்தான்."

ஒன்பதாவது கணக்கைப் பார்த்தாள். வெட்டியது நியாயம்தான். கார்னெட்டிடம் போய்த் தாளை வைத்தாள். கார்னெட் அதை இரண்டு கண்ணாடியாலும் படித்துவிட்டு, வருஷம் சேர்க்கவென்று தட்டச்சு செய்து வைத்திருந்த தீர்மானத்தை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, நான்காகக் கிழித்தார். "ஹர்ஷெல் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். என்னமோ போ. வெத்து ஃபாரம் நாலு எடுத்துட்டுப் போ, உன் ரூட்டுல யாருக்காவது குடு."

ரிக்கி நோபிள் அடுத்த ஆகஸ்டில் வந்தான். மில் திருப்பத்து ஜென்னாவின் அம்மா, தனக்கே ஒன்று வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை வேறொருவர் கேட்டு வாங்க, நான்கில் மூன்று போயின. மீதி ஒன்றை ட்வைலா டிரைவர் சீட்டுக்கு மேலே, வெயில் தடுப்பானுக்குள் செருகிவைத்தாள். யாராவது கேட்டால், "அது போயிடுச்சு, ஆபீஸ்ல வாங்கிக்கோ," என்பாள். பாடங்கள் தொடர்ந்தன. மேடுகளில் கியரை மாற்றியபடியே அவள் கணக்கியல் வரை வந்துவிட்டாள். வெயில் தடுப்பானுக்குள் காகிதத்தின் மடிப்பு பழுப்பேறியது.

டெலானி போய் ஒன்றரை வருஷம் கழிந்து, பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் நடையில் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டிருந்தாள். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. பஸ் ஓடும்போது போனைத் தொடமாட்டாள் ட்வைலா. தன் வீட்டுத் தபால் பெட்டிவரை ஓட்டினாள், நிறுத்தினாள், கைப்பிரேக்கை இழுத்தாள், அதன்பிறகே எடுத்துப் பார்த்தாள். டெலானியின் மெசேஜ்.

"அம்மா, அந்த ஹர்ஷெல் காகிதத்துல வருஷம் சேர்க்கப் போறதா ஊர்ல பேசிக்கிட்டாங்களே, எழுதிட்டாங்களா? சும்மா கேட்டேன். தாத்தாகிட்டே சொல்லாதே."

ட்வைலா வெயில் தடுப்பானிலிருந்து காகிதத்தை எடுத்து ஸ்டியரிங்கின்மேல் விரித்தாள். காதிலிருந்த பென்சிலைத் தொட்டவள், அதை விட்டுவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து பேனாவை எடுத்தாள். பெயர், முகவரி, எந்தப் படிப்பு, எல்லாவற்றையும் தாண்டி, அடியில் 'பெற்றோர்' என்றிருந்த வரியில் மட்டும் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் ஹாரன் அலறியது. ஓடைக்கு அக்கரையில் நாய் குரைத்தது. புல்வெட்டும் இயந்திரத்தை விட்டுவிட்டு அப்பா வாசலுக்கு வந்து பார்த்தார். 'காடில்' என்ற குடும்பப் பெயரின் கடைசி எழுத்து முடிகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.