கதவைச் சாத்திக்கொண்டு திட்டும் உரிமை

குழாய் ஒழுகினாலும், மொட்டை மாடிக்குக் குரங்கு வந்தாலும், முதலாளி வீட்டு நாய்க்குச் சளி பிடித்தாலும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆளுக்கு அட்மின் மேனேஜர் என்று பெயர். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் "இந்த ஆள் என்னதான் வேலை பார்க்கிறார்?" என்று கேட்பார்கள். ஏதாவது கெட்டுப்போன நாளிலும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். இந்த உத்தியோகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. கூடச் சேர்ந்து பெருமூச்சு விடுங்கள், போதும். மற்றவர்கள், பல்பு மாற்றச் சொல்லி உங்கள் அலுவலகத்தில் யாரை விரட்டுகிறீர்களோ அந்த ஆளை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன் என்று என் சம்சாரம் சொல்வாள். அவள் சொல்வதில்தான் கூட்டல் ஜாஸ்தி.

நான் போட்ட ஒரே நிபந்தனை

எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். மைசூரில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றேன். பிறகு வீட்டுச் சமையலறையை நிர்வகிக்கப் போய், அங்கிருந்தும் எனக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் மண்டி மொஹல்லாவில் ஒரு கம்பெனிக்கு அட்மின் மேனேஜர் தேவை என்றார்கள். பழைய வெல்லக் கிடங்கை இடித்துக் கட்டிய நாலு மாடிக் கட்டடம். உள்ளே இருநூறு பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அமெரிக்காவில் யாரோ வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்பதற்கு இங்கிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எம்.டி.க்கு என் மகன் வயது. கன்னடக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். "பழனிச்சாமி அவரே, உங்களுக்கு ஏதாவது கண்டிஷன் இருக்கா?" என்று கேட்டார். கதவு உள்ள ஒரு அறை வேண்டும் என்றேன். இந்தத் தொழிலில் நாள் முழுக்க நம்மைத் திட்டுவார்கள். திருப்பித் திட்ட முடியாது, சிரிக்க வேண்டும். ஆகவே அவ்வப்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கொள்ளேகால் தமிழில் திட்டித் தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அப்படிச் செய்யாத அட்மின் மேனேஜர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. இன்னொருவர் கவிதை எழுதுகிறார். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு எம்.டி. சொன்னார்: "காரு கேட்டவங்களைப் பார்த்திருக்கேன், போனு கேட்டவங்களைப் பார்த்திருக்கேன். கதவு கேட்ட முதல் மனுஷர் நீங்கதான்."

மூன்றாவது மாடிக்கு வந்த விருந்தாளி

அறை கிடைத்தது. மூன்றாவது மாடி மூலையில், ஜன்னலைத் திறந்தால் சாமுண்டி மலை. கதவு, அந்தப் பழைய கிடங்கில் கழற்றி வைத்திருந்த தேக்குக் கதவு. மழைக்காலம் வந்தால் வெல்ல வாசனைக்கு இன்னமும் எறும்பு ஏறும். சாத்தினால் உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கேட்காது. நான் வாழ்ந்தேன்.

அந்த வாழ்வு ஆயுத பூஜை வரைக்கும்தான். மைசூரில் அன்றைக்குக் கம்ப்யூட்டர், லிஃப்ட், காபி மெஷின் எதுவும் குங்குமம் இல்லாமல் தப்ப முடியாது. பராமரிப்பு வேலை பார்க்கும் மாதேவாவிடம் வாசலில் வாழைக்கன்று கட்டச் சொன்னேன். மாதேவா நஞ்சன்கூட்டுக்காரன். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். அவனிடம் உள்ள கோளாறே அதுதான். வாசலில் இரண்டு, வரவேற்பில் இரண்டு, லிஃப்டுக்குள் இரண்டு, அப்புறம் மூன்றாவது மாடி மீட்டிங் அறை வரைக்கும் வரிசையாகக் கட்டிவிட்டான். மண்டித் தெருவில் முட்டைக்கோஸ் இலை பொறுக்கித் தின்கிற பசு ஒன்று வாசல் கன்றை முடித்தது. வரவேற்புக் கன்றை முடித்தது. லிஃப்டுக்குள் இருந்ததைத் தின்னப் போனபோது, மேலே யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும், பத்திரிகை வைத்து அழைத்தது போல இறங்கி, மிச்சத்தையும் தின்றுகொண்டே மீட்டிங் அறைக்குள் போய் நின்றுவிட்டது. நீங்கள் நம்ப வேண்டாம். மாடு நம்பித்தான் வந்தது.

மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்த்தால், சம்பளக் கணக்குப் பிரிவுப் பெண்கள் மாட்டோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாடு திரும்ப லிஃப்டில் ஏறச் சம்மதிக்கவில்லை. கீழே தின்ன எதுவும் பாக்கி இல்லை என்பது அதற்கே தெரியும். சொந்தக்காரர் வரும்வரை இங்கேயே நிற்கட்டும் என்றேன். அந்தப் பிரிவில் சிந்து என்று ஒரு பெண். ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கன்னடம்தான் சரளமாக வரும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இங்கே வேண்டாம் அங்கிள். நாலு மணி வரைக்கும் இந்த ரூமை நாங்க புக் பண்ணியிருக்கோம்."

மாடு திரும்பி நின்றதா?

அந்த மாடியில் மாட்டின் உதையைத் தாங்கக்கூடிய கதவு என் அறைக்கு மட்டும்தான் இருந்தது. ஆகவே சாயங்காலம் சொந்தக்காரர் வந்து அகத்திக்கீரைக் கட்டைக் காட்டி லிஃப்டில் அழைத்துப் போகிற வரை, மாடு உள்ளே, நான் வெளியே. குறை சொல்லக் கூடாது, அது என் சாமான்களைத் தொடவில்லை. நான் எழுதி வைத்திருந்த லீவு லெட்டரை மட்டும் தின்றிருந்தது.

மறுநாள் எம்.டி. அறைக்கு வந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று எழுந்து நின்றேன். அவர் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் நடந்து பார்த்தார். "மாடு இதுக்குள்ளே திரும்பி நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றது சார் என்றேன், உண்மை பேசிக் கெட்டவன். அந்த வாரமே சம்பளக் கணக்குப் பெண்கள் நாலு பேருக்கும் என் அறையில் மேஜை போட உத்தரவு வந்தது. அந்த மேஜைகளை ஆள் வைத்துத் தூக்கிப் போட வேண்டியவன் யார்? அட்மின் மேனேஜர். ஊரில் வேறு எவனுடைய இடத்தைப் பிடுங்கினாலும் பிடுங்குகிறவன் வேறு, பறிகொடுக்கிறவன் வேறு. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்த கொடுமை எனக்குத்தான் வாய்த்தது. எம்.டி.யிடம் போய் நின்றேன். கர்நாடகத்தில் எல்லா நியாயத்தின் வாயையும் அடைக்க ஒரு வாக்கியம் உண்டு. கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அர்த்தம். அதைத்தான் கடைசியில் சொன்னார்: "மாடே தாராளமா திரும்பி நின்ன இடம் சாமி அவரே. நாலு பேர் உட்கார முடியாதா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

பீரோவுக்குள் பேசியது

கதவு இருந்தது, தனிமை போய்விட்டது. சில நாள் அடக்கிப் பார்த்தேன். வயிறு உப்பியது. சம்சாரம் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். திட்டாத திட்டுக்கு ஓமம் கேட்குமா?

ஒருநாள் ஒரு புகார் வந்தது. காபி மெஷினில் டீ பட்டனை அழுத்தினாலும் டீ காபி மாதிரியே இருக்கிறதாம். காபியோ எது மாதிரியும் இல்லையாம். எழுதியவன் கடைசியில் ஒரு சிரிக்கிற பொம்மை முகமும் போட்டிருந்தான். அதற்குமேல் முடியவில்லை. ஸ்டீல் பீரோவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "கெரகம் புடிச்சவனே, சீக்குக் கோழியாட்ட முளிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறவனே" என்று ஆரம்பித்து, அவனுடைய ஏழு தலைமுறையையும் சுற்றி வந்தேன். தலையை வெளியே எடுத்தால் நாலு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள். பீரோ தகரம் அல்லவா, ஒலிபெருக்கி வைத்தது போல அறை முழுக்கக் கேட்டிருக்கிறது. வெட்கத்தில் நான் ஃபைலைப் புரட்டுவது போல் பாவனை செய்தேன். சிந்து மட்டும் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து மரியாதையாகக் கேட்டாள்: "அங்கிள், அந்தக் கோழிக்கு அப்புறம் வந்தது சரியா புரியலை. இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்க, எங்க வீட்டுக்காரருக்கு வேணும்."

மனசைத் திறக்க வந்தவர்

அடுத்த சோதனை பெங்களூரிலிருந்து வந்தது. அலுவலகங்களுக்கு யோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு இளைஞர். காலில் சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இங்கே கதவுகள் அதிகம், கதவு மூடினால் மனசும் மூடிவிடும், எல்லாக் கதவுகளையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னார். பணியாளர் நலப் பிரிவின் தலைவி பூர்ணிமா கை தட்டினாள். எம்.டி. தன் அறைக் கதவையே முதலில் கழற்றச் சொன்னார். தன் கழுத்துக்கே கத்தி வைத்துக்கொண்ட தியாகியிடம் என் கதவுக்காக நான் எப்படி வாதாடுவது?

கழற்றும் வேலையை மாதேவாவிடம் ஒப்படைத்தார்கள். அவன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான் என்று முன்பே சொன்னேன். பெண்கள் கழிப்பறை வாசலில் அவன் திருப்புளியோடு நிற்க, நான் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறிக்க வேண்டியதாயிற்று. இந்த வயதில் அந்த வாசலில் அப்படி நின்றதை யார் யாரெல்லாமோ பார்த்தார்கள். இதை மட்டும் விட்டுவிடுடா என்று கெஞ்சினேன். அவன் உண்மையாகவே விளங்காமல் கேட்டான்: "ஏன் சார், டாய்லெட்டுக்குப் போறவங்களுக்கு மட்டும் மனசு தெறக்க வேணாமா?"

மாடிப்படிக்கு அடியில்

கழிப்பறைக் கதவுகள் தப்பின. என் தேக்குக் கதவையும் பழைய சாமான் வண்டியில் ஏற விடவில்லை. நானும் மாதேவாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி, மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் மாப்பும் வைக்கிற பொந்துக்கு அதைப் பொருத்தினோம். நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்துகொண்டுதான் திட்ட வேண்டும். இருந்தாலும் கதவு கதவுதான். வயிற்று உப்புசம் இரண்டே நாளில் வடிந்தது. இடத்தை யாருக்கும் சொல்லாதே என்று மாதேவாவிடம் சொன்னேன். சொன்னதுதான் தப்பு. ஒருநாள் உள்ளே இருந்து வெளியே வந்தால் பூர்ணிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வாட்ச்மேன்.

அப்புறம் எம்.டி.யே வந்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் திரையில் தோன்றி அவரைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். கதவு இல்லாத அறை; இருநூறு பேரும் பார்க்க, மனிதர் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். என் தொழிலின் ருசி அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். உள்ளே வெகு நேரம் கன்னடம் ஓடியது, படிக்கட்டு இடுக்கு வழியாகக் கேட்டது. ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தெரியாத வார்த்தைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். இனி இவர் என் அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நம்பி நின்றேன். வெளியே வந்து, தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "மாப் வாசனை தாங்கலை சாமி அவரே. ஆனா எதிரொலி பிரமாதம்."

முன்பதிவு

கொடுத்தாரா அறையை? இருந்த பொந்தையும் பிடுங்கினார். "இது எல்லோருக்கும் பயன்பட வேண்டிய வசதி" என்று மேலிடம் முடிவெடுத்தது. பூர்ணிமா அதற்கு "மன அமைதி அறை" என்று போர்டு மாட்டி, செல்போனில் முன்பதிவு செய்கிற ஏற்பாட்டையும் செய்துவிட்டாள். ஒருவருக்குக் கால் மணி நேரம். இருநூறு பிள்ளைகளும் விரலை ஃபோன் மேலேயே வைத்துக்கொண்டு பிறந்தவர்கள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அந்த வாரம் முழுக்க நிரம்பிவிடுகிறது. இதில் அந்த அறையைப் பற்றிய புகார்களும் எனக்கே வருகின்றன: உள்ளே ஃபோன் சார்ஜ் செய்ய வசதி இல்லை, உயரம் போதவில்லை, முந்தைய ஆள் திட்டிய சூடு இன்னும் ஆறவில்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும்? அட்மின் மேனேஜரிடம். மாடிப்படிக்கு அருகில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று சிந்துவின் முறை. மேலே என் பழைய அறையில் ஏ.சி. ஒழுகி, அவள் மேஜையெல்லாம் தண்ணீர். காலையிலிருந்து மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மெக்கானிக் வராததற்கு நான் என்ன செய்வேன்? சாவியை எடுத்தபடி, பரிதாபப்பட்டுக் கேட்டேன், "என்னம்மா, வீட்டுக்காரரோட மறுபடியும் சண்டையா?" அவள் சாவியை வாங்கிக்கொண்டு, என் மனசு நோகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இல்லை அங்கிள், இன்னைக்கு உங்களைத்தான். பயப்படாதீங்க, எல்லாம் நீங்க கத்துக் கொடுத்த வார்த்தைங்கதான்."

அன்றைக்கு நான் கேட்டு வாங்கிய அதே கதவுக்கு வெளியே, என்னைத் திட்ட வருகிறவர்களுக்கு வரிசைப்படி சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதற்குத்தான், ஐயா, நிர்வாகம் என்று பெயர்.