கேடயம் பிடித்த அப்பா

என் அண்ணன் ஒருநாள் காலையில் எங்கள் குடும்பம் மொத்தத்தையும் ஒரு குகைக்குள் கூட்டிக்கொண்டு போய், நடுவழியில் அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய்விட்டான். எனக்கு அப்போது பத்து வயது. குகை இருந்தது கம்ப்யூட்டருக்குள்தான். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் முழுசாக வருவதில்லை.

அண்ணன் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பாடப் புத்தகத்தைவிட ஒரு விளையாட்டின் மேல்தான் அவனுக்கு உயிர். நாலு பேர் சேர்ந்த ஒரு கூட்டம் ஊர் ஊராகப் போய்ப் பூதங்களோடு சண்டை போடும் விளையாட்டு அது. நாலு பேருக்கும் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வைத்த பெயர்கள் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் இருந்தவை. அப்பாதான் முன்னால் நின்று கேடயம் பிடிப்பவர். அம்மா காயங்களை ஆற்றுகிற வைத்தியச்சி. அவன் மந்திரவாதி. நான் திருடி. ஏன் என்னை மட்டும் இப்படி என்று அழுதேன். "அதுதான் உனக்கு செட் ஆச்சு, நான் இன்னா பண்றது?" என்றான்.

விளையாட்டை இருக்கிறபடி விளையாடுவது அவனுக்குக் கேவலம். ரெடிமேடு சட்டையை வாங்கி ஆல்டரேஷனுக்குக் கொடுப்பதுபோல, அதை ஆடுகிறவர்களே திருத்தி எழுதிக்கொள்ளலாமாம். அந்தத் திருத்தத்துக்கு மாட் என்று பெயர். அண்ணன் இரவும் பகலும் மாட் எழுதினான். எதற்கு என்று கேட்டால் பேலன்ஸ் என்பான். அடி தாங்குகிறவனுக்குப் பலமாக அடிக்கத் தெரியக் கூடாது, பலமாக அடிக்கிறவனுக்கு அடி தாங்கத் தெரியக் கூடாது, இரண்டும் ஒருத்தனிடம் இருந்தால் பேலன்ஸ் போச்சு என்று சாப்பிடும்போது எங்களுக்கு வகுப்பெடுப்பான். "நம்ம கடைல ரெண்டையும் நான்தானப்பா பண்ணிட்டு இருக்கேன்" என்பார் அப்பா.

அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்துகிற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுப்பார். அதனால் அண்ணன் விளையாட்டிலிருந்த கடைக்காரனைத் திருத்தியபோது அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பழைய கடைக்காரன் எதைக் கொடுத்தாலும் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வான். அண்ணனோ, பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி மூன்று மடங்கு விலைக்கு விற்கும்படி அவனை மாற்றிவிட்டான். கடைக்காரன் தாராளமாக இருந்தால் யாருக்கும் எதன் மேலும் பயம் இருக்காதாம். "இப்படிக் கடை நடத்துனா ஈதான் ஓட்டணும்" என்று அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான மாட் ஒன்று இருந்தது. அதன்படி கூட்டத்தில் யாராவது செத்தால் செத்ததுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆட முடியாது. செத்த அந்த நொடியிலேயே அது கம்ப்யூட்டரில் பதிந்துவிடும். "பயம் இருந்தாதான் அது ஆட்டம்" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கடையில் துணிக்கட்டு ஒன்றை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்ன ரிப்பேர்தான் என்றார் சித்தப்பா. நான் அண்ணனைக் கேட்டேன். நெஞ்சைத் திறப்பார்கள், இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள், அப்புறம் திரும்ப ஓட்டிவிடுவார்கள் என்றான். திரும்ப ஓடவில்லை என்றால் என்று கேட்டதற்கு, போய்ப் படி என்று கத்தினான்.

ஆபரேஷன் அன்று அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்களைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்திருந்தாள். அண்ணன் காலையிலேயே குளித்துவிட்டு, எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவன், கையும் காலும் சும்மா இருக்காமல் விளையாட்டைத் திறந்து உட்கார்ந்தான். அதற்குள் அம்மாவின் போன். முன்னாலேயே உள்ளே கொண்டு போகிறார்களாம். அண்ணன் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அத்தையின் செருப்பில் ஒன்றும் தன் செருப்பில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு ஓடினான். "கம்ப்யூட்டர் மேல கைய வச்ச, அவ்ளோதான்" என்று படியிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது.

நான் திரையைப் பார்த்தேன். ஒரு கல் பூதம் கையை ஓங்கியபடி நின்றது. அதற்கு நேர் கீழே அப்பா கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்துக்குக் கீழே இருந்த சிவப்புக் கோடு, அதாவது அவருடைய உயிர், பாதியாக இருந்தது. நாள் முழுக்க அப்பா இப்படியேவா நிற்பார்? அந்த வருஷம் எங்கள் தெருவில் தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் போகும். கரண்ட் போகும்போது அப்பா இந்தக் கைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யாரைப் போய்க் கேட்பது?

அவரைக் குகையை விட்டு வெளியே கொண்டுவந்து ஊர்ச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். சத்தியமாக விளையாட வேண்டும் என்று தொடவில்லை. ஆனாலும் பயத்தில் பதினொரு மணி வரை தொடாமலேதான் உட்கார்ந்திருந்தேன். "ஏட்டி, தோசை ஆறிப்போச்சு. அந்தப் பெட்டில என்னத்தப் பாத்துட்டு இருக்க?" என்று அத்தை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் குக்கரை வைக்கப் போனதும் நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆட்டத்தை ஓடவிட்டு, முதல் காரியமாக அப்பாவைப் பின்னால் இழுத்தேன். நெஞ்சு சரியில்லாதவர் முன்னால் நிற்கலாமா? அவர் நகர்ந்ததும் பூதத்துக்கு எதிரே நின்றது அம்மா. ஒரே அடியில் அம்மாவின் கோடு பாதிக்குக் கீழே போனது. நான் கத்திக்கொண்டே எதையெதையோ அமுக்கினேன். அப்போது நான் எதுவும் சொல்லாமலே அப்பா திரும்பினார். அம்மாவின் உயிர் பாதிக்குக் கீழே போனால் அப்பா எங்கே இருந்தாலும் ஓடிவந்து முன்னால் நிற்க வேண்டும் என்று அண்ணன் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. வேண்டாம்பா, வேண்டாம்பா என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஓடிவந்து நின்றார். இரண்டு அடி. சிவப்புக் கோடு காலியானது. ஓரத்தில் இருந்த அவர் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

மீதி மூன்று பேரையும் எப்படி வெளியே ஓட்டிவந்தேன் என்று நினைவில்லை. ஊருக்குள் வந்து நின்றபோதுதான் வீட்டு போன் அடித்தது. அத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன். முதலில் சாதாரணமாகத்தான் பேசினாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"எப்பம்ல? இன்னும் எத்தன பாட்டில் ரத்தம் வேணுங்காங்க? ஐயோ முருகா... நீ குடுத்தது போதாதா? உங்க சித்தப்பாவ வரச் சொல்லவா?"

நான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஆக்கினது நான். இதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. ஊர்க் கடைக்காரனிடம் செத்தவர்களை எழுப்புகிற ஓலை ஒன்று உண்டு. அண்ணன் திருத்தி எழுதிய விலையில் அதை வாங்க எங்கள் மூட்டையில் இருந்த காசு பத்தாது. என் குத்துவாளை விற்றேன். அண்ணனின் மந்திரக்கோலை விற்றேன். அம்மாவின் மருந்துப் பையை விற்றேன். பத்தில் ஒரு பங்கு விலை என்றால் எவ்வளவு அநியாயம் என்று அப்போதுதான் புரிந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். வாங்க, விற்க, கிளம்ப என்று மூன்றே பட்டன்தான் அவனிடம் இருந்தது.

எனக்குத் தெரிந்த வியாபாரம் அப்பாவின் கடை வியாபாரம். அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால் பின்னாலேயே ஒரு குரல் வரும், இங்க வாங்கம்மா, எவ்வளவுதான் குடுப்பீங்க என்று. அதனால் கிளம்ப என்பதை அமுக்கி மூன்று பேரையும் மெதுவாக வெளியே நடத்தினேன். வாசலில் நிற்கவைத்துக் காத்திருந்தேன். அவன் கூப்பிடவில்லை. ஒருவேளை வேகமாக நடந்துவிட்டேனோ என்று மறுபடி உள்ளே போய், இன்னும் மெதுவாக வெளியே வந்தேன். மூன்று முறை இப்படிச் செய்தேன். பாவி, தலையைக்கூடத் திருப்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் பதினொன்றே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் கரண்ட் போய்விடும்.

விற்க மிச்சமிருந்தது அப்பாவின் கேடயம் மட்டும்தான். செத்தவர்களின் பொருள் தானாகவே மூட்டைக்கு வந்துவிடும். அதையும் விற்றேன். கையோடு ஓலையை வாங்கி அப்பாவின் சாம்பல் முகத்தின் மேல் வைத்தேன்.

'இதை இங்கே பயன்படுத்த முடியாது' என்று வந்தது.

மறுபடி வைத்தேன். அதே பதில். செத்தால் செத்ததுதான் என்று மாட் எழுதிய அண்ணன், ஓலையைக் கடையிலிருந்து எடுக்க மறந்துவிட்டிருக்கிறான். ஒன்றுக்கும் ஆகாத சரக்கை அந்தக் கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டான். நான் அமுக்கிக்கொண்டே இருக்கும்போது ஃபேன் நின்றது. திரை கறுப்பானது.

அதற்குப் பிறகு நான் இருந்தது குளியலறையில். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மாம்பலம் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்கும்போதெல்லாம் தூக்கிப்போட்டது. கடைசியில் போன் அடித்தது. அத்தை ஓவென்று அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. "ஏட்டி, கதவத் தொறட்டி! நல்லபடியா முடிஞ்சிட்டாம்!" என்று அவள் சொன்ன பிறகும், இப்படி அழுகிறவள் சொல்வதை எப்படி நம்புவது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் ஐந்து மணிக்கு வந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பா இன்னும் கண் விழிக்கவில்லை, இரண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னாராம். அத்தை காபி போடப் போனாள். அண்ணன் நேராக வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் இரண்டு விழப்போகிறது என்று தெரியும். அவன் ஆட்டத்தைத் திறந்து சாம்பல் முகத்தைப் பார்த்தான். திரும்பியபோது அடிக்கிற முகமாக இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் பார்த்ததே இல்லை.

"எத்தன மணிக்குடி?"

எனக்கு விளங்கிவிட்டது. போன் வந்த நேரத்தோடு ஒத்துப்பார்க்கப் போகிறான். நான்தான் காரணம் என்று கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்லப் போகிறான்.

"நாலு மணிக்கு. இப்பதான், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"காலைல இல்லியே?"

"இல்லண்ணா. சாமி சத்தியமா."

அவன் மூச்சை விட்டான். இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "சரி, வுடு" என்றான். திட்டவே இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து நாலு மணிக்கு மேல் என்ன ஆனால் என்ன என்பதுபோல இருந்தது அவன் சொன்னது.

பிறகு, அவன் அதுவரை செய்தே இருக்காத ஒன்றைச் செய்தான். ஆட்டத்தை மூடிவிட்டு, அது பதிந்திருக்கும் இடத்தைத் திறந்து, அப்பாவின் உயிர் இருக்கும் எண்ணை அழித்தான். அந்த இடத்தில் ஒன்பதாக அடித்துக்கொண்டே போனான். இடம் நிரம்பும்வரை ஒன்பது.

"பேலன்ஸ் போயிடுமேண்ணா."

"போனாப் போவுது."

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் எனக்கு உயிரே போகப் பார்த்தது. அவன் அந்த இடத்தைத் திறந்ததும் ஒரு பட்டியல் வந்தது. இடது பக்கம் பெயர்கள். வலது பக்கம் ஒவ்வொன்றும் பதிவான நேரம். முதல் வரியிலேயே பதினொன்று என்று ஆரம்பிக்கிற ஒரு எண். என் பொய் கொட்டை எழுத்தில் நிற்கிறது. நான் கண்ணை மூடப் போனேன். அதற்குள் அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே, கை பழக்கத்தில் பட்டியல் இருந்த சதுரத்தின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கினான். நேரம் எழுதியிருந்த பக்கம் மறைந்தது. பெயர்கள் மட்டும் தெரிந்தன. அப்புறம்தான் அவன் திரையைப் பார்த்தான்.

அவன் அதைப் பார்க்காதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் அன்று முதல் முறையாகச் சாப்பிடப் போனேன்.