சரக்கு வாசல்

டார்லீன் காங்காஸ் துலூத் நகரில் ஏரியைப் பார்த்த பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. முதல் வாரம் முழுக்கப் பயிற்சி. மேலாளர் பிரெண்டர்காஸ்ட் ஒரு கண்ணாடியை நிறுத்திவைத்து அவளைச் சிரிக்கச் சொன்னார்.

“பல்லு மட்டும் சிரிக்குது. கண்ணும் சிரிக்கணும். இந்த மேசைக்கு வந்துட்டா மூஞ்சி உன்னோடது இல்ல, ஹோட்டலோடது. புரியுதா?”

புரிந்தது. மூன்றே வாரத்தில் குரலும் மாறியது. வடக்கே இரும்புச் சுரங்க ஊரான எவ்லெத்தின் பேச்சு அவள் நாக்கிலிருந்து உதிர்ந்துபோனது. சக பெண்கள் கேட்டபோது, “அப்பா சுரங்கத்துல இன்ஜினியர்” என்றாள். ஆர்வோ காங்காஸ் அங்கே வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போடுகிறவர். எவரும் துருவிக் கேட்கவில்லை. பொய் அப்படியே நின்றுவிட்டது.

1971 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம். கல்யாணக் கூட்டமொன்று வந்து இறங்கியிருந்தது. பிரெண்டர்காஸ்ட் அவள் தோளருகே நின்றிருந்தார். சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்வோ உள்ளே வந்தார். வேலை முடிந்த கையோடு ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். மேல்கோட்டில் தாதுவின் சிவந்த தூசி. கையில் செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட மீன். சீருடையில் மகளைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு சீமாட்டி மூக்கைத் தொட்டுக்கொண்டாள். பிரெண்டர்காஸ்ட் மெல்லக் கேட்டார்: “யாரு இவரு? தெரிஞ்சவரா?”

டார்லீன் சிரித்தாள். கண்ணும் சிரித்தது.

“சார், சரக்கு இறக்குற வாசல் பின்பக்கம் இருக்கு.”

ஆர்வோ மீன் பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சுக்கோங்க மிஸ். வாசல் மாறி வந்துட்டேன்.”

திரும்பிப் போய்விட்டார். பின்வாசல் வழியே ஹோட்டல் சமையலறையில் மீனைக் கொடுத்து, “மேசையில இருக்கற பொண்ணுங்களுக்கு” என்றாராம். சமையற்காரர்கள் பங்குபோட்டுத் தின்றார்கள். டார்லீன் அந்தப் பக்கமே போகவில்லை. காது மடல் வரை கொதித்தது. ஆனாலும் அடுத்த விருந்தாளிக்கு அதே குரலில் நல்வரவு சொன்னாள். அப்படிச் சொல்ல முடிந்ததுதான் பிற்பாடு அவளை ரொம்ப அறுத்தது.

மறுநாள் தொலைபேசியில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “மீன் நல்லா இருந்துதா?”

“நல்லா இருந்துதுப்பா.”

அதோடு சரி. பதினைந்து வருஷம் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போவாள், அவர் விறகு பிளப்பார், காப்பி குடிப்பார்கள், அவள் கிளம்பிவிடுவாள். அப்பா மனத்தில் கோபம் இருக்கும், என்றாவது வெடிக்கும், வெடித்தால் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தபடியே இருந்தாள். அவர் வெடிக்கவில்லை. அவள் மேசைக்குத் தலைமையானாள். புதுப் பெண்களைக் கண்ணாடி முன் நிறுத்திச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

1984-இல் பல்கலைக்கழகத்திலிருந்து ரூத் அபெல்மன் என்ற சமூகவியல் பேராசிரியை வந்தார். சிரிப்பையே வேலையாகச் செய்கிறவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, உள்ளே ஒன்று இருக்க வெளியே ஒன்றைக் காட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டார். டார்லீன் பழகிய பதில்களைச் சொன்னாள். பேச்சுவாக்கில் பேராசிரியை சொன்னார்:

“இந்த வேஷம் ஒருத்தரால மட்டும் நிக்காதுங்க. எதிர்ல நிக்கிறவரும் சேந்து தாங்கிப் பிடிக்கணும். நீங்க தடுமாறினா அவரு கவனிக்காத மாதிரி இருந்துடுவாரு. உங்க மானத்தக் காப்பாத்த தன் மானத்த விட்டுக்குடுக்கற ஆளுங்களும் உண்டு.”

டார்லீன் பழகிய பதில்களை நிறுத்தினாள். கருவி சுற்றிக்கொண்டே இருக்க, அந்தச் சனிக்கிழமையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். பெற்றவரிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம்.

இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. அவள் கதை அதில் பேர் மாற்றி, நாலே வரி. இடைவேளை அறையில் பெண்கள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பெத்த அப்பனையே பின்வாசலுக்கு அனுப்பியிருக்கா பாரு! இவ எல்லாம் பொம்பளையா? நம்ம ஹோட்டலா இருக்காது.”

“நம்ம ஹோட்டல்தான்” என்றாள் டார்லீன். “நான்தான்.”

எல்லோரும் சட்டென்று காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவர்கள் அப்படிப் பார்வையைத் திருப்பிக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிறே எவ்லெத்துக்கு வண்டியை விட்டாள்.

ஆர்வோ சமையலறையில் ஏலக்காய் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். நுரையீரல் கெட்டு மூச்சிரைப்பு கூடியிருந்தது. அவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, அன்னைக்கு ஹோட்டல்ல... நான் உங்கள...”

“தெரியும்மா.”

“ஏன் ஒண்ணுமே கேக்கல?”

“பக்கத்துல அந்த ஆளு உன் மூஞ்சியையே பாத்துட்டு நின்னான். உனக்கு வேலை போயிடுமோன்னு தோணிச்சு.” கத்தியைக் கீழே வைத்தார். “அப்புறம் கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டா நீ அழுவ. உனக்கு அழத் தெரியும், எனக்குப் பாக்கத் தெரியாது.”

“உங்களுக்கு வலிச்சுதா?”

ஆர்வோ ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“வலிச்சுது. வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியில ரெண்டு தடவ வண்டிய ஓரங்கட்டினேன்.”

அவள் சிரிக்கவில்லை, எந்த முகத்தையும் மாட்டிக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே அழுதாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்றவர், கடைசிவரை பார்த்தார்.

“என்னை மன்னிச்சிட்டீங்களாப்பா?”

“மன்னிச்சேன்னு சொன்னா உடனே வண்டியக் கெளப்பிட்டுப் போயிடுவ” என்றார் ஆர்வோ. “கோட்டக் கழட்டு. காப்பி ஆறுது.”